சட்டம் இருக்கிறது, பிடிமானம் இல்லை

எத்தனை மனு கொடுத்தாலும் ஒன்றும் நடக்காது என்று சலித்துக்கொள்பவரிடம், மனத்தைத் தளரவிடாதீர்கள் என்று ஆறுதல் சொல்வது நம் வழக்கம். கோளாறு அவர் மனத்தில் இருப்பதாக முடிவு கட்டிவிடுகிறோம். மலேசியாவில் காது கேளாதோரின் நிலையைப் பார்த்தால் அந்த முடிவு தவறு என்று தெரியும். 2008-இல் வந்த மாற்றுத்திறனாளிகள் சட்டம் மலேசிய சைகை மொழியை அவர்களுடைய அதிகாரபூர்வ மொழியாக ஏற்றது; கல்வி, வேலை, போக்குவரத்து என உரிமைகளை வரிசையாக எழுதியது. அவற்றை மறுப்பவருக்குத் தண்டனை மட்டும் வைக்கவில்லை. போதாக்குறைக்கு, நல்லெண்ணத்தோடு செய்ததற்கோ செய்யத் தவறியதற்கோ அரசின்மீது வழக்குப் போட முடியாது என்கிறது அதன் 41-ஆம் பிரிவு. இப்படி ஒரு சட்டத்தைக் கையில் வைத்திருப்பவர் சோர்ந்துபோனால் அது பலவீனமா, சரியான கணிப்பா?

செலிக்மன், மையர் என்ற அமெரிக்க உளவியலாளர்கள் 1967-இல் நாய்களை வைத்துச் செய்த சோதனை பிரபலமானது. தப்ப முடியாதபடி மின்னதிர்ச்சி பெற்ற நாய்கள், பிறகு வழி திறந்திருந்தபோதும் பெரும்பாலும் அசையாமல் கிடந்தன. கையாலாகாத உணர்வு அனுபவத்தால் படிவது என்று அவர்கள் சொன்னார்கள். 2016-இல் அதே இருவரும் அதைத் தலைகீழாக்கினார்கள்: நீண்ட துன்பத்தில் முடங்குவதுதான் உயிரின் இயல்பு, நம்மால் மாற்ற முடியும் என்பதைத்தான் கற்றுக்கொள்ள வேண்டியிருக்கிறது. அரை நூற்றாண்டு கழித்துத் தம் கொள்கையையே திருத்த ஒரு துணிச்சல் வேண்டும். அவர்கள் சொல்வது சரியென்றால், உபதேசத்தால் நம்பிக்கை வராது. செய்தது பலித்தால்தான் வரும். எடுத்துக்காட்டாக, வாஷிங்டனில் காது கேளாதோருக்கான காலொடெட் பல்கலைக்கழகத்துக்கு 1864 முதல் காது கேட்பவர்களே தலைவர்களாக இருந்தார்கள். 1988 மார்ச்சில் மீண்டும் அப்படி ஒருவர் நியமிக்கப்பட்டதும் மாணவர்கள் வளாகத்தை முடக்கினார்கள். ஒரே வாரத்தில் அவர் விலகினார்; காது கேளாத கிங் ஜோர்டன் தலைவரானார்.

அங்கே ஆயிரக்கணக்கானோர் ஒரே வளாகத்தில் இருந்தார்கள், இங்கே சிதறிக் கிடக்கிறார்களே என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். பண்டமாரானில் ஒரு தமிழ்க் குடும்பத்தில் காது கேளாத பிள்ளை பிறந்தால் வீட்டில் தமிழ், பள்ளியில் சைகை மொழி, புத்தகத்தில் மலாய். பெற்றோர் சைகை கற்காவிட்டால் அந்தப் பிள்ளை வீட்டுக்குள்ளேயே தனித்துப்போகும். ஆகவே முதல் பலிதம் சின்னதாகத்தான் இருக்கும். 2016-இல் பங்சாரில் காது கேளாதோர் பணியாற்றும் ஸ்டார்பக்ஸ் கடை திறந்தது. அங்கே வாடிக்கையாளர்தான் சைகையிலோ எழுத்திலோ கேட்டுப் பழக வேண்டும். விளம்பரமும் அதில் கலந்திருக்கும், இருக்கட்டும்.

இதோடு சட்டத்துக்கும் பிடிமானம் வேண்டும். சட்டத்தைத் திருத்தினால் மனிதர் மனம் திருந்துமா என்பது அடுத்த கேள்வி. உடனே திருந்தாதுதான். ஆனால் கூட்டரசு அரசியலமைப்பின் 8(2) பிரிவு சமயம், இனம், வம்சாவளி, பிறப்பிடம் ஆகியவற்றால் பாகுபாடு காட்டக்கூடாது என்றிருந்ததில், 2001-இல் பாலினமும் சேர்ந்தது. அதைக் காட்டிப் பெண்கள் நீதிமன்றத்தில் வாதாட முடிந்தது. உடற்குறையும் அங்கே சேர்ந்தால், சைகை மொழிபெயர்ப்பாளர் இல்லாமல் அரசு அலுவலகத்திலிருந்து திரும்பும் ஒருவர் இன்னொரு மனு எழுதுவதோடு நிற்க வேண்டியதில்லை; வழக்கறிஞரைத் தேடிப் போகலாம்.