முதுமைக்கு ஒரு மடக்கு மிதிவண்டி

உழைப்பிற்குப்பின் ஓய்வு வருகிறது. ஆயின் ஓய்வென்பது திண்ணையில் முடங்கிக் கிடத்தல் அன்று. தமிழக அரசுப் பணியாளர் ஓய்வுபெறும் அகவை 2021-ஆம் ஆண்டில் 60 ஆக உயர்த்தப்பட்டது. அவ்வகவையிலும் உடல் வலிவோடு இருப்போர் பலர். அவர்கள் காலையும் மாலையும் மிதிவண்டியில் சிறிது தொலைவு உலவி வரின், உடலின் எடையை இருக்கை தாங்க, முழங்காலுக்கு மிகுந்த சுமையின்றிப் பயிற்சி கிட்டும். கடைக்குச் செல்லவும் நண்பரைக் காணவும் பிறர் துணையை எதிர்பார்க்க வேண்டுவதில்லை. அத்தகையோர் குறைந்த செலவில் மடக்கு மிதிவண்டி ஒன்றைத் தேர்ந்துகொள்ளும் முறையைச் செஞ்சியை முன்வைத்து ஈண்டுக் காண்போம்.

இவ்வண்டி புதியதன்று. இரண்டாம் உலகப்போரில் வான்குடைப் படையினருக்காக இங்கிலாந்தின் பி.எஸ்.ஏ. நிறுவனம் மடக்கு மிதிவண்டிகளைப் பல்லாயிரக்கணக்கில் செய்தளித்தது. 1949-இல் தோன்றிய அம்பத்தூர் டி.ஐ. தொழிற்சாலையின் வண்டிகளால் அப்பெயர் பின்னர் நம் தெருக்களிலும் வழங்கலாயிற்று. 1970-களில் இலண்டனில் ஆண்ட்ரூ ரிட்சி வடிவமைத்த பிராம்ப்டன் வண்டி உலகப் புகழ் பெற்றது. எனினும் அதன் விலை இந்தியாவில் இலட்சத்தைத் தாண்டும். ஓய்வூதியர்க்கு அது வேண்டாத செலவு. 20 அங்குலச் சக்கரமுடைய எளிய வண்டியே போதும்.

தேர்ந்துகொள்ளுங்கால் முதலில் நோக்கத்தக்கது சட்டத்தின் நடுவிலுள்ள கீல். வண்டியைப் பிடித்து அசைத்தால் அங்கு ஆட்டம் தோன்றலாகாது. பூட்டு தானே திறவாதபடி அதற்கொரு காப்புக் கொக்கியும் வேண்டும். கைப்பிடித் தண்டின் மூட்டையும் அவ்வாறே ஆராய்தல் நன்று. இரண்டாவது, குறுக்குத் தண்டு தாழ்ந்திருத்தல். காலை உயரத் தூக்கிப் போடாமல் ஏறவும், சேலை உடுத்தோர் எளிதில் அமரவும் அது உதவும். 1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கத்தின் வழியே மிதிவண்டி பழகிய பெண்கள் பல்லாயிரவர். அவர்களுள் பலரும் இன்று முதுமையின் வாயிலில் நிற்பவர்களே.

மூன்றாவது எடை. இவ்வகை வண்டிகள் பெரும்பாலும் 12 முதல் 15 கிலோ வரை இருக்கும். அதனை மடித்துத் தாமே இரண்டு படியேனும் தூக்க இயலுமா என்று கடையிலேயே பார்த்துவிட வேண்டும். நான்காவது சக்கரம். 20 அங்குலச் சக்கரம் ஒரு சுற்றில் ஏறத்தாழ 1.6 மீட்டர் செல்லும். சிறிய சக்கரம் பள்ளத்தில் எளிதில் இறங்கிக் குலுங்குமாதலின் அகன்ற டயர் நலம். கியர் ஆறு இருப்பினும் போதும். டயர், ட்யூப், பிரேக் கட்டை ஆகியவை உள்ளூர்க் கடையில் கிடைக்குமா என்பதையும் உசாவ வேண்டும். மலிவாய் வாங்கிய வண்டி ஓர் உறுப்புக்காக மாதக்கணக்கில் மூலையில் நிற்பின் அது மலிவாகாது. 2025 செப்டம்பர் 22 முதல் மிதிவண்டிக்கான சரக்கு சேவை வரி 12 விழுக்காட்டினின்று 5 விழுக்காடாகக் குறைந்துள்ளமையும் வாங்குவோர்க்கு ஓர் ஆறுதலே.

இனிச் செஞ்சி. இராசகிரியும் கிருட்டிணகிரியும் உயர்ந்து நிற்பினும் அவற்றினிடையே உள்ள நிலம் பெரிதும் சமதரை. 2025 சூலையில் உலக மரபுச் சின்னங்களுள் ஒன்றாக ஏற்கப்பெற்ற கோட்டை, 1717-18-இல் எழுந்த சாதத்துல்லாகான் பள்ளிவாசல், வேங்கடரமணர் கோயில், வடக்கே சிங்கவரம் என ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு திசை செல்லலாம். ஆயின் கோட்டையை ஒட்டிச் செல்லும் திருவண்ணாமலைச் சாலையில் பேருந்தும் சரக்குந்தும் விரைந்தோடுவதால், விடியலின் பின்னரே புறப்பட்டு ஊர்ப்புறச் சாலைகளை நாடுதல் வேண்டும். இருப்புப்பாதை இல்லாத இவ்வூரினர் திண்டிவனம் சென்றே புகைவண்டி ஏறுகின்றனர். மகன் வீட்டிற்கோ மகள் வீட்டிற்கோ காரில் செல்கையில் மடித்த வண்டியும் உடன்வரும். வீட்டில் கட்டிலின் அருகே ஒரு மூலை போதும்.

தலைச்சுற்றலோ நெஞ்சு நோயோ உடையோர் மருத்துவரைக் கேட்ட பின்னரே ஏறுக. இருக்கையில் அமர்ந்தவாறே இருகால் நுனியும் தரையைத் தொடுமாறு உயரத்தை அமைத்து, சில நாள் திறந்த வெளியில் பழகுதல் சாலச் சிறந்தது. மாணவச் செல்வங்கள் தம் வீட்டு முதியவரோடு கடைக்குச் சென்று மேற்கூறியவற்றைத் தாமே சரிபார்த்துத் தருவராயின், தாத்தாவும் பாட்டியும் தம் விருப்பம்போல் ஊர் சுற்றி வரும் உரிமையை இன்னும் பல்லாண்டு துய்ப்பர் என்பது எம் துணிபு.