மெயில் வருது... போக மாட்டேங்குதே!

ராத்திரி 11.40 மணி. ஐ.வி. போன ஊரில் லாட்ஜ் ரூம். மாணவப் பத்திரிகையாளர் அப்ளிகேஷன் அனுப்ப 12 மணிதான் கடைசி. லேப்டாப்பில் 'சென்ட்' தட்டினால், அவுட்பாக்ஸிலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டது. இத்தனைக்கும் புது மெயில்கள் ஜம்மென்று வந்து விழுகின்றன! உங்களுக்கும் இப்படி நடந்திருக்கா பாஸ்?

மேட்டர் சிம்பிள். மெயில் வருகிற ரோடு வேற, போகிற ரோடு வேற. அனுப்புவது எஸ்.எம்.டி.பி.யின் வேலை. 1982-ல் வந்த அந்த முறையின் பழைய வாசல், போர்ட் 25. 'நீ யாருப்பா?' என்று கேட்காமலே அப்போது உள்ளே விட்டார்கள். ஸ்பேம் ஆசாமிகள் புகுந்து விளையாடவே, பல நெட்வொர்க்குகள் 25-க்குப் பூட்டு போட்டுவிட்டன. சீனியர் எழுதிக் கொடுத்த என் செட்டிங்ஸில் இருந்தது அதே 25! காலேஜ் நெட்டில் ஓடியது, லாட்ஜ் வைஃபையில் படுத்துவிட்டது.

இப்படி மாட்டினால் என்ன செய்யலாம்?

* எர்ரர் மெசேஜைப் படிங்க. 'டைம் அவுட்' என்றால் வழி அடைப்பு. 'ஆத்தென்டிகேஷன்' என்றால் பாஸ்வேர்டு தகராறு. 'ரிலே' என்று வந்தால், லாகின் இல்லாமல் அனுப்பப் பார்க்கிறீர்கள்.

* வழி அடைப்பா? போர்ட்டை 587 ஆக்கி, 'ஸ்டார்ட் டி.எல்.எஸ்.' தேர்ந்தெடுங்க. மெயில் அனுப்புகிறவர்களுக்காகவே 1998-ல் ஒதுக்கிய வாசல் இது. அதுவும் மக்கர் பண்ணினால் 465, 'எஸ்.எஸ்.எல்.'. யூசர் நேம், பாஸ்வேர்டு கட்டாயம்.

* ஜிமெயிலா? தனிநபர் கணக்குகளில் வெறும் பாஸ்வேர்டை மட்டும் வைத்து வேறு சாஃப்ட்வேரில் நுழைவதை 2022-ல் நிறுத்திவிட்டார்கள். கூகுள் சைன்-இன் இல்லாத பழைய சாஃப்ட்வேர் என்றால், டூ-ஸ்டெப் வெரிஃபிகேஷன் போட்டு 'ஆப் பாஸ்வேர்டு' எடுக்கணும்.

* இன்னும் போகலையா? போன் ஹாட்ஸ்பாட்டில் அனுப்பிப் பாருங்க. போனால், தப்பு வைஃபை மேல. உங்க மேல இல்லை.

* டைம் இல்லையா? பிரவுசரில் மெயிலைத் திறந்து அனுப்பிடுங்க. அது சாதாரண வெப்சைட் போகும் வழியிலேயே போய்விடும்.

நான் தப்பித்தது இந்தக் கடைசி வழியில்தான். மணி 11.54!

ஆனால் ஒண்ணு. டென்ஷனில் 'சென்ட்'டை நாலு தடவை தட்டியிருந்தேன். மறுநாள் காலேஜ் நெட் கிடைத்ததும், அவுட்பாக்ஸில் இருந்த நாலும் வரிசையாகக் கிளம்பிப் போய்விட்டன. ஆக மொத்தம் அஞ்சு அப்ளிகேஷன்! அதனால முதல்ல அவுட்பாக்ஸைக் காலி பண்ணுங்க மக்களே.

வேலை கிடைச்சுதான்னு கேக்கறீங்களா? இதைப் படிச்சுட்டிருக்கீங்களே!