முந்திரித் தோப்புத் தேனும் வருமான வரியும்

ஆண்டிமடம் பக்கம் ஒரு முந்திரித் தோப்பு. நிழலுக்குள் பன்னிரண்டு தேன்பெட்டிகள். பெட்டியைத் தாங்கும் கம்பியைச் சுற்றி, எறும்பு ஏறாமல் இருக்கத் தண்ணீர்க் கிண்ணம். பெட்டிக்காரர் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர். புகையூட்டியை இரண்டு அழுத்து அழுத்திவிட்டு, மேல் அறையிலிருந்து ஒரு சட்டத்தை உருவி வெயிலுக்கு நேராகப் பிடித்தார். பாதி அடை மெழுகு மூடியோடு வெளுத்திருந்தது. மீதிப் பாதியில் தேன் திறந்த அறைகளில் மினுங்கியது.

"இன்னும் ஒரு வாரம் போவணும் சார்" என்று சட்டத்தைத் திரும்பவும் உள்ளே இறக்கினார். பிறகு, நான் போன காரியத்துக்கு அவரே வந்தார். "வருஷத்துக்கு எழுபது கிலோ கிடைக்குது. தெரிஞ்சவர் ஒருத்தர் ஜிஎஸ்டி எடுத்துடுங்கங்கறார். பேரன், இது விவசாயம்தானே தாத்தா, வரியே கிடையாதுங்கறான். எது நெசம்?"

இரண்டுமே நிஜமில்லை.

பேரன் சொன்னதை முதலில் எடுத்துக்கொள்வோம். பெரம்பலூர், அரியலூர் கிராமங்களில் யாரைக் கேட்டாலும் அந்தப் பதில்தான் வரும். விவசாய வருமானத்துக்கு மத்திய அரசின் வருமான வரி இல்லை என்பது உண்மை. ஆனால் எது விவசாயம்? 1957-இல் ராஜா பினய் குமார் சகஸ் ராய் வழக்கில் உச்ச நீதிமன்றம் அதற்கு எல்லை கட்டியது. நிலத்தை உழுது, விதைத்து, நட்டு, அந்த மண்ணின் மேல் மனித உழைப்பு விழுந்திருக்க வேண்டும். நிலத்தோடு ஏதோ ஒரு தொடர்பு இருக்கிறது என்பது மட்டும் போதாது. மாட்டுப் பால், கோழி முட்டை போலவே தேனும் இந்த எல்லைக்கு வெளியே நிற்கிறது. முந்திரிக்கொட்டை விற்ற பணம் விவசாய வருமானம்; அதே முந்திரிப் பூவிலிருந்து தேனீ கொண்டுவந்த தேனை விற்ற பணம் அப்படியல்ல. பெட்டி சொந்தப் பட்டா நிலத்தில் நின்றாலும் இதுதான் கணக்கு. 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வரும்படி இயற்றப்பட்ட 2025-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டமும் இந்த வரையறையை மாற்றவில்லை.

வேடிக்கை என்னவென்றால், மற்ற இடங்களில் தேனீ வளர்ப்பு விவசாயத்தோடுதான் உட்கார்ந்திருக்கிறது. ரிசர்வ் வங்கியின் முன்னுரிமைக் கடன் பட்டியலில் பால்மாடு, மீன், பட்டுப்புழுவோடு சேர்ந்து அது வேளாண் சார்ந்த தொழில். 500 கோடி ரூபாயில் தொடங்கிய தேசியத் தேனீ வளர்ப்பு மற்றும் தேன் இயக்கத்தை நடத்துவதும் மத்திய வேளாண் அமைச்சகம். கடன் கொடுக்கும்போது விவசாயி, வரி கேட்கும்போது வியாபாரி. நாற்றங்கால் வைத்திருப்பவர்களுக்கும் இதே குழப்பம் இருந்தது. தொட்டியிலும் பையிலும் வளரும் கன்று விவசாயமா என்று வழக்குமேல் வழக்கு. 2008 நிதிச் சட்டத்தில் ஒரே ஒரு விளக்கம் சேர்த்து, நாற்றங்கால் வருமானமும் விவசாய வருமானமே என்று முடித்துவிட்டார்கள். தேனீக்கு அந்த ஒரு வரி இன்னும் எழுதப்படவில்லை. எழுதலாம் என்பது என் கட்சி. சின்ன வெங்காயத்தை விதைக்கு விடுகிறவருக்கும் சூரியகாந்தி போடுகிறவருக்கும் பக்கத்து வயல் தேனீ செய்து கொடுக்கும் மகரந்தச் சேர்க்கைக்கு யாரும் பில் போடுவதில்லையே.

"பொழுதுபோக்குக்குத்தான் வளர்க்கிறேன்" என்ற பதிலும் நம் சட்டத்தில் எடுபடாது. பொழுதுபோக்கு என்று தனி இனம் அதில் இல்லை. ஜெர்மனியில் பெட்டியை எண்ணுகிறார்கள்: 30 தேனீக் குடும்பங்கள் வரை லாபக் கணக்கே கிடையாது, 31 முதல் 70 வரை ஆண்டுக்கு 1,000 யூரோ லாபம் என்று மொத்தமாக வைத்துக்கொள்கிறார்கள். பிரிட்டனில் இப்படிப்பட்ட சில்லறை வியாபாரத்தில் ஆண்டுக்கு 1,000 பவுண்டு வரை வரவுக்கு வரியில்லை. நம்மிடம் தேன் லாபம் பென்ஷன், சம்பளம், வாடகை எல்லாவற்றோடும் சேர்ந்து ஒரே மொத்தமாகும். அந்த மொத்தம் எங்கே நிற்கிறது என்பதுதான் கேள்வி.

ஆசிரியர் கணக்கையே போட்டுப் பார்க்கலாம். எழுபது கிலோ, கிலோ 600 ரூபாய் என்று வைத்தால் விற்பனை 42,000. சர்க்கரை, மெழுகு அடை, பாட்டில், பெட்ரோல் என்று ஒவ்வொரு ரசீதாகக் கோத்து வைக்கத் தேவையில்லை. சிறு தொழிலுக்கான உத்தேச வரித் திட்டத்தில் ரொக்க விற்பனைக்கு 8 சதவீதமும், வங்கி அல்லது யுபிஐ வழியாக வந்ததற்கு 6 சதவீதமும் லாபம் என்று காட்டலாம். உண்மை லாபம் அதற்கு மேல் என்றால் கூடுதலாகவும் காட்டலாம். எல்லாம் ரொக்கம் என்றால் 3,360 ரூபாய். 2025-26 நிதியாண்டின் புதிய முறைப்படி 4 லட்சம் வரை வரி கிடையாது; 12 லட்சம் வரை கழிவு தந்து வரியைப் பூஜ்ஜியமாக்குகிறார்கள். இவருடைய பென்ஷன் வருடத்துக்கு ஐந்தரை லட்சத்துக்கும் கீழே. தேனுக்காக ஒரு பைசா கட்ட வேண்டியதில்லை.

வரி இல்லை என்பதால் படிவமும் இல்லை என்று நினைத்துவிடக் கூடாது. மொத்த வருமானம் 4 லட்சத்தைத் தாண்டினால், வரி பூஜ்ஜியமானாலும் கணக்குத் தாக்கல் செய்தாக வேண்டும். பென்ஷனுக்கு வழக்கமாகப் போடும் ஐடிஆர்-1 படிவத்தில் தொழில் வருமானத்துக்கு இடமில்லை. தேன் வந்த ஆண்டில் 'சுகம்' எனப்படும் ஐடிஆர்-4 போட வேண்டும். ஜெராக்ஸ் கடையில் தாக்கல் செய்து தருபவர் போன வருடப் படிவத்தையே எடுத்து நிரப்பப் பார்ப்பார். சொல்லிவிடுங்கள்.

நிலம் மட்டுமே உள்ளவருக்கு இன்னும் எளிது. மக்காச்சோளம், பருத்தி, வெங்காயம் எவ்வளவு கொடுத்தாலும், விவசாயம் அல்லாத வருமானம் 4 லட்சத்துக்குள் இருக்கும்வரை தேனால் வரி வராது. அதைத் தாண்டினால் மட்டும் விவசாய வருமானத்தையும் பக்கத்தில் வைத்து விகிதம் பார்ப்பார்கள்.

உண்மையில் அடிபடக் கூடியவர் வேறொருவர். நிலையான கழிவு 75,000 போக, சம்பளம் சரியாக 12 லட்சத்தில் நிற்பவர். தேனில் 20,000 லாபம் என்று அவர் காட்டினால், 12 லட்சத்துக்கு மேல் எவ்வளவு கூடியதோ அந்த அளவுக்குள் வரியை நிறுத்தும் விளிம்புச் சலுகை கிடைக்கும். அதாவது வரி 20,000. அதன்மேல் 4 சதவீதம் செஸ் 800. கையில் வந்தது இருபதாயிரம், போனது இருபதாயிரத்து எண்ணூறு! தேனீ கொட்டுவது இதைவிடத் தேவலை. இதற்காகப் பெட்டிகளைப் பெயருக்கு மனைவி பேரில் எழுதி வைத்தால் வேலைக்கு ஆகாது. போட்ட பணம் கணவருடையது என்றால் லாபமும் அவர் கணக்கில்தான் சேரும். பணமும் உழைப்பும் நிஜமாகவே யாருடையதோ அவர் பேரில் நடக்கட்டும். இன்னொன்று: அரசு ஊழியராக இருந்தால் 1973-ஆம் ஆண்டு தமிழ்நாடு அரசு ஊழியர் நடத்தை விதிகள் தனி வியாபாரத்துக்கு முன் அனுமதி கேட்கின்றன. வரியைவிடப் பெரிய தலைவலி அதில் வரலாம்.

இனி ஜிஎஸ்டி. ஊரில் அரையும் குறையுமாகப் பேசப்படுவது இதுதான். "லேபிள் ஒட்டாம வித்தா வரி இல்லீங்க" என்பார்கள். தேனை உதிரியாக விற்றால் வரி இல்லை. முன்கூட்டியே அடைத்து லேபிளோடு விற்றால் 5 சதவீதம். 2022 ஜூலை 18 முதல் இப்படி. அதற்கு முன்பு பதிவு பெற்ற பிராண்டு பெயர் இருந்ததா என்றுதான் பார்த்தார்கள். ஆனால் அறிவிக்கையின் வாசகத்தைக் கவனிக்க வேண்டும். சட்டமுறை எடையளவுச் சட்டப்படி அந்தப் பொட்டலத்தில் விவரங்கள் இருக்க வேண்டுமா என்பதே அளவுகோல். வாங்குபவர் எதிரில் இல்லாதபோது அரை கிலோ, ஒரு கிலோ என்று அளந்து அடைத்து அலமாரியில் வைத்துவிட்டால், லேபிள் ஒட்டாமல் விட்டாலும் அது 'அடைத்த பொருள்'தான். லேபிள் இல்லாதது தப்பிக்கும் வழி ஆகாது, இரண்டாவது குற்றமாகும். அதுவே, வந்தவர் தன் தூக்குவாளியை நீட்ட, டின்னிலிருந்து அவர் கண்ணெதிரே ஊற்றி நிறுத்துக் கொடுத்தால் அது உதிரி.

ஐந்து சதவீதம் என்றதும் பயப்பட வேண்டாம். தமிழ்நாட்டில் பொருள் மட்டும் விற்பவருக்கு ஆண்டு விற்றுமுதல் 40 லட்சம் தாண்டும்வரை பதிவே தேவையில்லை. பன்னிரண்டு பெட்டி அந்தக் கணக்கின் பக்கத்தில்கூட வராது. ஆனால் அந்த 40 லட்சம் தேனுக்கு மட்டும் இல்லை, ஒரு பான் எண்ணில் நடக்கும் எல்லா வியாபாரத்துக்கும் சேர்த்து. ஜெயங்கொண்டத்தில் 38 லட்சத்துக்கு மளிகைக் கடை நடத்துகிறவர் பொழுதுபோக்காக 3 லட்சத்துக்குத் தேன் பாட்டிலும் விற்றால் எல்லையைத் தாண்டிவிடுகிறார்.

இன்னொரு கண்ணி புதுச்சேரி. நமக்கு அது பக்கத்து ஊர். ஜிஎஸ்டிக்கு அது வெளிமாநிலம். வரிக்குரிய பொருளை மாநில எல்லை தாண்டி விற்றால் முதல் ரூபாயிலிருந்தே பதிவு கட்டாயம், 40 லட்சச் சலுகை அங்கே செல்லாது. பெங்களூருக்கும் கொச்சிக்கும் கொரியரில் பாட்டில் அனுப்புகிறவர்கள் பலருக்கு இது தெரிவதில்லை. ஆன்லைன் தளங்கள் மூலம் தமிழ்நாட்டுக்குள் விற்க மட்டும் 2023 அக்டோபர் 1 முதல் வழி விட்டிருக்கிறார்கள். முழுப் பதிவு வேண்டாம், ஜிஎஸ்டி தளத்தில் ஒரு சேர்க்கை எண் வாங்கினால் போதும்.

அப்படியானால் எதற்கும் ஒரு ஜிஎஸ்டி எண் எடுத்து வைத்துவிடலாமே என்று தோன்றும். வேண்டாம் என்பேன். பதிவு இலவசம்தான், ஆனால் எடுத்த நாளிலிருந்து ஒரு பாட்டில் விற்றாலும் 5 சதவீதம், எதுவும் விற்காவிட்டாலும் படிவம். பூஜ்ஜியப் படிவம் தவறினால்கூட நாளுக்கு 20 ரூபாய், ஒரு படிவத்துக்கு 500 ரூபாய் வரை தாமதக் கட்டணம் ஓடும். கடனுக்கு ஆகும் என்று யாரோ சொல்ல எண் வாங்கி, பிறகு மறந்துபோய், இரண்டு வருடம் கழித்து நோட்டீஸோடு ஆடிட்டரைத் தேடி அலைபவர்களை நானே பார்த்திருக்கிறேன். தேவை இல்லாமல் எடுத்துவிட்டவர்கள் அதே தளத்தில் ரத்துக்கு விண்ணப்பிக்கலாம். ரத்தான பிறகு ஒரு இறுதிப் படிவமும் போட வேண்டும்.

வரி இல்லாதவருக்கும் விடாத இரண்டு காகிதங்கள் உண்டு. ஒன்று, உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐயின் பதிவு. விளைந்த இடத்தில் விவசாயி கையிலிருக்கும் விளைபொருளைச் சட்டம் விட்டுவைத்தாலும், பாட்டிலில் அடைத்து விற்கத் தொடங்கியதும் உணவு வணிகர் ஆகிவிடுகிறோம். சிறு வணிகருக்கு உரிமம் வேண்டாம், பதிவு போதும். அந்த 14 இலக்க எண் பாட்டிலில் இருக்க வேண்டும். இன்னொன்று எடையளவு. அடைப்பவரின் பெயர், முகவரி, நிகர எடை, அதிகபட்ச விலை, அடைத்த மாதம், புகாருக்கான தொடர்பு எண் இவை லேபிளில் வர வேண்டும். அடைக்கத் தொடங்கி 90 நாளுக்குள் 500 ரூபாய் கட்டி அடைப்பவராகவும் பதிந்துகொள்ள வேண்டும். தமிழ்நாட்டில் இதைப் பார்ப்பது தொழிலாளர் துறை. தராசுக்கு முத்திரை போடுவதும் அவர்களே.

ஆசிரியர் அந்த அடைச் சட்டத்தைத் திரும்பப் பெட்டிக்குள் வைத்தாரே, அதன் அருமை இங்கேதான். மூடாத அறைகளில் இருப்பது முற்றாத தேன், ஈரம் அதிகம். சட்டப்படி ஈரப்பதம் 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. அவசரப்பட்டு எடுத்தால் சில வாரங்களில் பாட்டிலுக்குள் நுரைத்துப் புளிக்கும், மாதிரி எடுத்தால் தேறாது. மழைக்காலத்தில் பூ இல்லாமல் சர்க்கரைப் பாகு வைத்தவர், அந்தப் பாகைத் தேனீ சேமித்த அடையையும் சேர்த்துப் பிழிந்தால், மனமறியாமலே கலப்படக்காரர் ஆகிவிடுவார். 2020 டிசம்பரில் டெல்லியின் அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் 13 தேன் பிராண்டுகளைச் சோதித்து, எல்லாச் சோதனையிலும் தேறியவை மூன்றே என்று சொன்னதிலிருந்து, வாங்குபவர்களும் சந்தேகக் கண்ணோடுதான் பாட்டிலைத் தூக்கிப் பார்க்கிறார்கள்.

உணவுப் பாதுகாப்பு அதிகாரி தேன் மாதிரி எடுக்க வந்தால் ஒளிய வேண்டியதில்லை. நான்கு பகுதியாகப் பிரித்து முத்திரையிட வேண்டும்; ஒன்றை அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்துக்கு உங்கள் செலவில் அனுப்பச் சொல்லிக் கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு. மாதிரி எடுக்கும்போதே கேட்டுவிட வேண்டும். அறிக்கை பாதகமாக வந்தால் 30 நாளுக்குள் மாவட்ட நியமன அலுவலரிடம் மேல்முறையீடு செய்து, மேல்நிலை ஆய்வகச் சோதனை கோரலாம்.

வருமான வரி நோட்டீஸ் வந்தால் முதலில் ஆவண அடையாள எண்ணைப் பாருங்கள். 2019 அக்டோபர் முதல் அது இல்லாத கடிதம் செல்லாது. துறையின் தளத்தில் உள்நுழையாமலே சரிபார்க்கலாம். கையில் ரொக்கமாகக் கேட்கிறவர் யாராக இருந்தாலும், வரியோ அபராதமோ செலான் வழியாகத்தான் கட்ட முடியும் என்று சொல்லுங்கள். லஞ்சம் கேட்பவர் மாநில அரசு ஊழியர் என்றால் மாநில லஞ்ச ஒழிப்புத் துறை; வருமான வரித் துறை போன்ற மத்திய அரசு ஊழியர் என்றால் சிபிஐ. போனில் மிரட்டிப் பணம் பறித்தால் 1930-ஐ அழையுங்கள். வக்கீல் வைக்க வசதி இல்லாதவர் தகுதி இருந்தால் 15100-இல் இலவசச் சட்ட உதவி கேட்கலாம். ஜிஎஸ்டி உத்தரவு பாதகமாக வந்தால் மூன்று மாதத்துக்குள் மேல்முறையீடு. 2025 ஜூலையில் கர்நாடகத்தில் யுபிஐ வரவை மட்டும் வைத்துச் சிறு கடைக்காரர்களுக்கு நோட்டீஸ் போனது. ஹாவேரியில் வரியே இல்லாத காய்கறி விற்றவரிடம் 29 லட்சம் கேட்டார்கள். அப்படி ஒரு நாள் வந்தால் பேசுவது நோட்டுப் புத்தகம்தான். தேதி, எத்தனை கிலோ, உதிரியா பாட்டிலா, யுபிஐயா ரொக்கமா, இந்த நான்கு கட்டம் போதும்.

பெரம்பலூரும் அரியலூரும் ஒரு காலத்தில் திருச்சி மாவட்டம். அந்தத் திருச்சியில்தான் நூறு ஆண்டுக்கு முன்பு நியூட்டன் பாதிரியார், நாட்டுத் தேனீயின் அளவுக்குச் சின்னப் பெட்டி ஒன்றைச் செய்து கிராமத்தாருக்கு வளர்க்கக் கற்றுக்கொடுத்தார். ஆசிரியர் தோப்பில் இருப்பவையும் நியூட்டன் பெட்டிகள்தாம். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டவர் கடைசியில் தயங்கித் தயங்கி ஒன்று கேட்டார்.

"பொண்ணைப் பாண்டியில கட்டிக் குடுத்திருக்கேன் சார். தைக்கு சீரோட நாலு பாட்டில் அனுப்புவேன். அதுக்குமா பதிவு?"

காசு வாங்காத வரைக்கும் அது விற்பனை இல்லை, வரியும் இல்லை என்றேன். அவர் முகம் தெளிந்தது. ஐந்தாவது பாட்டிலை மருமகனின் அலுவலக நண்பர் 600 ரூபாய் அனுப்பி வாங்கிக்கொள்கிறார் என்று பிறகுதான் சொன்னார்.