நேச்சுரல் நீலக்கல்லா? அடுத்த கேள்வியையும் கேளுங்க!

"இது நேச்சுரல் நீலக்கல் சார்"னு கடையில சொன்னா, அது உண்மையாவே இருக்கலாம். ஆனா பூமியில கிடைச்ச கல்லையும் உலையில சூடுபடுத்தி நிறத்தைக் கூட்டுவாங்க. சந்தைக்கு வரும் நீலக்கற்களில் பெரும்பாலானவை அப்படித்தான். சூடுபடுத்தாத தரமான கல் அரிது, அதனால் விலையும் பல மடங்கு. வெறுங்கண்ணால் நமக்கு வித்தியாசம் தெரியாது. நகையில் உள்ள ஹால்மார்க் தங்கத்துக்கு மட்டும்தான், கல்லுக்கு இல்லை.

அதனால் பணம் கட்டுறதுக்கு முன்னாடி ஜிஐஏ போன்ற ஆய்வகத்தின் ரிப்போர்ட்டைக் கேளுங்க. அதில் சூடுபடுத்திய அறிகுறி இல்லைன்னு இருந்தால்தான் கூடுதல் விலை நியாயம். ரிப்போர்ட் நம்பரை அந்த ஆய்வகத்தின் இணையதளத்தில் போட்டு, கேரட் எடை பொருந்துதான்னு பாருங்க.

தங்கத்துக்கு தினசரி ரேட் உண்டு, கல்லுக்கு கிடையாது. பழைய நகையை விற்கும்போது கல் எடையைக் கழிச்சுடுவாங்க. ஆசைக்கு வாங்குங்க, சேமிப்புக் கணக்குல சேர்க்காதீங்க!