படமும் உரையும் காணொளியும்: கல்வராயன் மலை கொண்டு ஒரு நோக்கு

மலையேறுதல், அருவி காண்டல், புள்ளினம் நோக்கல், செடிகொடிகளை இனங்காணல் முதலியன இன்று பலர் விரும்பி மேற்கொள்ளும் ஓய்வுக்காலச் செயல்களாகும். இவற்றில் ஈடுபடுவோர் தாம் கண்டதைத் தம்மளவில் வைத்துக்கொள்வதில்லை. இணையத்தின் வாயிலாகப் பிறர்க்கும் காட்டுகின்றனர். காட்டும் முறை இரண்டு. நிழற்படம் எடுத்து அதனுடன் உரை எழுதுதல் ஒன்று. இயக்கமும் ஒலியும் கூடிய காணொளியாகத் தருதல் மற்றொன்று. இவற்றுள் எது சிறந்தது என்னும் வினா, அவரவர் சுவையைப் பொறுத்தது என்று பெரும்பாலும் விடப்படுகிறது. தமிழ் பயில்வார்க்கு அஃது அவ்வாறு விடத்தக்க வினா அன்று. ஒரு மலையைப் பற்றிய அறிவு எவ்வடிவிற் பின்னோரைச் சென்று சேரும் என்பது அவ்வினாவினுள் அடங்கியிருத்தலின், ஈண்டு அதனை ஆராய்வோம்.

ஆய்வுக்களம்

கள்ளக்குறிச்சி மாவட்டம் 2019ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களில் விழுப்புரம் மாவட்டத்தினின்றும் பிரிந்து தனி மாவட்டமாயிற்று. அதன் மேற்கெல்லையில் கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு கூறாகக் கல்வராயன் மலை நிற்கிறது. இதன் வடபகுதி சின்னக் கல்வராயன் என்றும், தென்பகுதி பெரிய கல்வராயன் என்றும் வழங்கும். மலையின் ஒரு பகுதி சேலம் மாவட்டத்தைச் சாரும். வெள்ளிமலை, கரியாலூர் ஆகிய ஊர்களும், மேகம் அருவி, பெரியார் அருவி ஆகியனவும், அடிவாரத்துக் கோமுகி அணையும் காண்பார் பலரை ஈர்க்கின்றன. 1976 வரை ஜாகீர்தாரர் ஆட்சியில் இருந்த இம்மலை, அவ்வாண்டில் அரசின் நேர் ஆட்சிக்கு வந்தது.

இங்குச் செல்வோர் கண்டதைப் பகிரும் கருவிகள் விரைந்து மாறின. 2005இல் யூடியூப் தோன்றிற்று. 2010இல் தொடங்கிய இன்ஸ்டாகிராம் முதலில் நிழற்படத்திற்கே உரியதாயிருந்து, 2013இல் காணொளியை ஏற்று, 2020இல் ரீல்ஸ் எனப்படும் குறுங்காணொளிக்குத் தனியிடம் வகுத்தது. 2016ஆம் ஆண்டின் பிற்பகுதி முதல் இந்நாட்டில் கைப்பேசி இணையக் கட்டணம் பெரிதும் குறைந்தமையால் காணொளி எளியார் கைக்கும் எட்டியது. எனவே, ஒருகாற் படமும் உரையுமாக வெளிவந்த மலைச்செலவுக் குறிப்புகள் இன்று பெரும்பாலும் காணொளியாகவே வருகின்றன. இம்மாற்றத்தால் நாம் பெற்றது யாது, இழப்பது யாது என அளந்தறிதல் வேண்டும்.

அளவுகோல்

அளத்தற்குரிய கோல் நம் இலக்கணத்திலேயே உண்டு. தொல்காப்பியர் அகப்பொருளை முதல், கரு, உரி என மூன்றாக வகுத்தார். நிலமும் பொழுதும் முதற்பொருள். அந்நிலத்துப் புள், விலங்கு, மரம், பூ, உணவு, பறை, தொழில் முதலியன கருப்பொருள். மக்களின் ஒழுக்கம் உரிப்பொருள். செய்யுட்கு வகுத்த இப்பாகுபாட்டை ஒரு மலைச்செலவுப் பதிவுக்கும் பொருத்திப் பார்க்கலாம். எவ்விடம், எப்பொழுது என்பது அப்பதிவில் உண்டா? கண்ட பொருள் இன்னது எனத் தெளிவாகிறதா? அங்கு வாழ்வார் செயலும் உணர்வும் புலனாகின்றனவா? இம்மூன்று வினாக்களுக்கும் விடை தரும் பதிவே நிறைவுடையது.

எழுத்து மட்டும் இருந்தால்

கல்வராயன் மலைக்கு வடக்கே, செங்கத்தைத் தலைநகராகக் கொண்ட நன்னன் சேய் நன்னனைப் பெருங்கௌசிகனார் பாடிய மலைபடுகடாம் 583 அடிகளை உடையது. மலையை யானையாகவும், மலையிற் பிறக்கும் பல்வகை ஒலிகளை அதன் மதமாகவும் கொண்டு இப்பெயர் அமைந்தது. அருவியில் ஆடுவார் எழுப்பும் ஒலி, முள்ளம்பன்றியால் தாக்குண்டோரின் அழுகை, புலி கிழித்த புண்ணை ஆற்றக் கொடிச்சியர் பாடும் பாட்டு, கரும்பாலையின் ஓசை, தினை குற்றும் மகளிர் பாட்டு எனப் புலவர் ஒலிகளை ஒவ்வொன்றாய் அடுக்குகிறார். ஒலியைப் பதியும் கருவி இல்லாத காலத்து, ஒலிக்கு உரியாரையும், அது பிறக்கும் காரணத்தையும் சொல்லிப் படிப்பார் செவியில் அதனை எழுப்பியது எழுத்து. ஒலிப்பதிவு ஒலியைத் தரும். அவ்வழுகை யாருடையது, ஏன் எழுந்தது என்பதைத் தானே சொல்லாது.

ஆயினும் எழுத்திற்கும் எல்லையுண்டு. கபிலர் குறிஞ்சிப்பாட்டில் 99 மலர்களைப் பெயர் சொல்லி அடுக்கினார். அவர் நினைவாகக் கபிலர்குன்று என வழங்கும் பாறை, கள்ளக்குறிச்சி மாவட்டத்துத் திருக்கோவலூரில் தென்பெண்ணை நடுவே இன்றும் நிற்கிறது. அம்மலர்களுட் காந்தளும் வேங்கையும் ஐயமின்றி அறியப்படுவன. அனிச்சம் எச்செடியின் பூ என்பதிலோ அறிஞர் இன்றும் வேறுபடுகின்றனர். பெயர் ஈராயிரம் ஆண்டளவாக நிலைத்தது. பொருள் கண்ணினின்றும் மறைந்தது. பெயரோடு உருவமும் உடன்வந்திருப்பின் இவ்வையம் எழாது.

காணொளியின் குறை இதற்கு நேர்மாறானது. மழைக்காலத்து மேகம் அருவிக்குச் செல்லும் வழியில் ஒரு பூவைக் காட்டிச் செல்லும் காணொளியில் உருவம் தெளிவாக உண்டு. பெயர் பெரும்பாலும் இல்லை. இருப்பினும் பேச்சினிடையே ஒருமுறை ஒலித்துப் போய்விடுகிறது. கபிலர் பெயரை வைத்துப் பொருளைத் தேடவிட்டார். இக்காலத்தார் பொருளைக் காட்டிப் பெயரைத் தேடவிடுகின்றனர்.

படமும் உரையும் இணைந்தால்

பெயரும் உருவமும் ஒருங்கே நிற்கும் முறைக்குச் செடியியலார் நல்ல சான்றாவர். திருச்சிராப்பள்ளித் தூய வளனார் கல்லூரியில் இராபினாத் உலர்தாவரகத்தை நிறுவிய இயேசு சபைத் துறவி கே. எம். மேத்யூ (1930-2004), கல்வராயன் மலையையும் உள்ளடக்கிய தமிழகப் பரப்பின் செடியினங்களை ஆராய்ந்து, 1981 முதல் 1988 வரை பல தொகுதிகளாக வெளியிட்டார். அவற்றுட் சில, கோட்டோவியங்களுக்கென்றே அமைந்தவை. உலர்தாவரகத்தில் ஒவ்வொரு செடியும் தாளில் ஒட்டப்பெற்று, பெயர், கிடைத்த இடம், நாள், திரட்டியவர் ஆகிய விவரங்கள் எழுதிய சீட்டோடு வைக்கப்படும். சீட்டின்றேல் அத்தாள் வெறும் சருகே. முதற்பொருளும் கருப்பொருளும் ஒரு தாளில் ஒன்றாய் நிற்கும் முறை இதுவாகும்.

ஆய்வுக்கூடத்திற்குப் புறத்தேயும் இந்நெறியிற் சிறந்தார் ஒருவர் மா. கிருஷ்ணன் (1912-1996). நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகனாகிய இவர், 1950 முதல் இறக்கும் வரை ஸ்டேட்ஸ்மன் நாளிதழில் காட்டுயிர் பற்றி இடையறாது எழுதினார், தமிழிலும் எழுதினார். கருப்பு வெள்ளை நிழற்படங்களைத் தாமே எடுத்தார், ஓவியமும் வரைந்தார். அவர் தமிழ்க் கட்டுரைகள் 'மழைக்காலமும் குயிலோசையும்' என்னும் பெயரில் நூலாயின. ஒரு நொடியை நிறுத்திக் காட்டுவது நிழற்படம். அந்நொடிக்கு முன்னும் பின்னும் நிகழ்ந்ததை விளக்குவது உரை. இவ்விரண்டையும் ஒருவரே செய்தமையால் அவர் எழுத்துக்கு உறுதி மிகுந்தது.

இணையத்திலும் ஆய்வுநோக்குடைய அமைப்புகள் இந்நெறியையே பற்றியுள்ளன. 2008இல் தொடங்கிய ஐநேச்சுரலிஸ்ட் நிழற்படத்தையும் ஒலிப்பதிவையும் இடம், நாள் ஆகிய குறிப்புகளோடு ஏற்கிறது, காணொளியை ஏற்பதில்லை. 2002இல் கார்னெல் பல்கலைக்கழகம் சார்ந்து எழுந்த ஈபேர்டில் அடிப்படைப் பதிவு ஒரு பட்டியலே: எவ்விடம், எந்நேரம், எத்துணைப் பொழுது, எப்பறவை, எத்தனை. படமும் ஒலியும் அப்பட்டியற்குத் துணைச்சான்றுகள். பொங்கல் நாட்களில் தமிழ்நாட்டில் நிகழும் பறவைக் கணக்கெடுப்பும் இப்பட்டியல் முறையிலேயே நடைபெறுகிறது.

காணொளியே தக்க இடங்கள்

இவ்வளவும் கூறியதனாற் காணொளி பயனற்றது என்பது கருத்தன்று. எங்கே இயக்கமே பொருளாகிறதோ அங்கே அதற்கு ஒப்பில்லை. மரங்கொத்தியின் அலைபோன்ற பறத்தலை ஒரு படம் காட்டாது. கயிறு முடிதல், மூங்கில் முடைதல், தினையும் சாமையும் புடைத்தல் முதலிய கைத்தொழில்களை எழுத்தாற் கற்பித்தல் அரிது. கையின் அசைவைக் கண்டாற் சிறுவரும் கற்பர். மலைவாழ் மக்களின் ஆட்டமும் பறையும் பாட்டும் நிழற்படத்தில் ஊமையாகிவிடும். அவர்தம் பேச்சின் இழுப்பும் ஏற்ற இறக்கமும் நம் வரிவடிவத்துள் முற்றும் அடங்கா. கிளைமொழி ஆய்வாளர்க்கும் நாட்டுப்புறவியலார்க்கும் காணொளி அரிய கருவியாகும். உரிப்பொருளின் பெரும்பகுதி அதன்கண் அடங்கும் எனலாம்.

காணொளியில் நழுவுவன

எனினும் மூன்று பொருள்கள் காணொளியில் நழுவுகின்றன. முதலாவது, தேடுதற்கு இடமின்மை. அரைமணி நேரக் காணொளியில் ஓர் ஓடையின் பெயர் பதினேழாம் நிமிடத்தில் ஒலிக்குமாயின், அதனைக் கண்டெடுக்க அரைமணியும் செலவிடல் வேண்டும். எழுத்திற் கண்ணோட்டமே போதும். இக்காலத்துக் கணினி பேச்சைத் தானே எழுத்தாக்கும் என்பர். வட்டார வழக்கில் வரும் ஊர்ப்பெயரும் செடிப்பெயருமே அங்கு முதலிற் பிழைபடுவன. மேலும், இம்மலைப் பழங்குடியினர் தம்மை மலையாளி என்பர். மலையை ஆள்பவர் என்பது இச்சொல்லுக்குக் கூறும் பொருள். அவர் பேசுவது தமிழ். விளக்கவுரை இன்றி இச்சொல்லை மட்டும் தலைப்பிலிட்ட காணொளி, காண்பாரைக் கேரள நாட்டாரை நினைக்கச் செய்யும். ஒரு வரி உரை அம்மயக்கத்தை நீக்கும்.

இரண்டாவது, நிலைபேறு. உலகம் சுற்றிய தமிழர் ஏ. கே. செட்டியார் (1911-1983) இரண்டு வடிவங்களையும் கையாண்டவர். நாடு பல சென்று திரட்டிய காட்சிகளைக் கொண்டு காந்தியடிகளைப் பற்றிய ஆவணப்படத்தை 1940இல் வெளியிட்டார். அப்படத்தின் தமிழ்ப்படி பல்லாண்டுகள் ஆய்வாளர் கைக்கு எட்டாதிருந்தது. அதனை ஆக்கிய வரலாறு பற்றி அவர் எழுதிய கட்டுரைகளோ 'அண்ணல் அடிச்சுவட்டில்' என நூலாகி இன்றும் படிக்கப்படுகின்றன. படச்சுருளுக்கு நேர்ந்தது காணொளிக்கு நேராது என உறுதி கூறுவார் யார்? கைப்பேசியில் ஒரு நிழற்படம் சில மெகாபைட்டு அளவினது. ஒரு நிமிடக் காணொளி நூறு மெகாபைட்டை ஒட்டி நிற்கக்கூடும். பேணும் சுமை மிகுமிடத்து இழப்பும் மிகும்.

மூன்றாவது, எச்சரிக்கை. மலைபடுகடாம் மலையழகை மட்டும் பாடவில்லை. பாம்புறையும் குழிகள், வழுக்கும் இடங்கள், பன்றிக்கு வைத்த பொறிகள், புனங்காப்போர் எறியும் கவண்கற்கள் ஆகியவற்றையும் சொல்லி, இன்னவாறு செல்க என வழிப்படுத்துகிறது. இன்று அருவியின் வீழ்ச்சியைச் சில நொடிகளிற் காட்டும் குறுங்காணொளி, பாறையின் வழுக்கலையும், மேல்மலையிற் பெய்யும் மழையால் நீர் திடீரெனப் பெருகும் இயல்பையும் சொல்வதில்லை. கண்டார் அவ்விடம் நாடி வருகின்றனர். எச்சரிக்கை அவருடன் வருவதில்லை. மறைக்க வேண்டியதை மறைத்தலும் எழுத்திற்கு எளிது. அரிய செடி நிற்கும் இடத்தையோ, பறவைக் கூட்டையோ உரையிற் குறியாது விடலாம். நடந்துகொண்டே எடுக்கும் காணொளியோ வழி முழுவதையும் காட்டிவிடும்.

முடிபு

இதுகாறும் கூறியவற்றால், இடம், பொழுது, பெயர், வேறுபாடு, எச்சரிக்கை ஆகியன உணர்த்த வேண்டுமிடத்துப் படமும் உரையும் தக்கன என்பதும், அசைவும் ஒலியும் செய்முறையும் உணர்த்த வேண்டுமிடத்துக் காணொளி தக்கது என்பதும் பெறப்படும். காணொளியைத் தேர்ந்தார்க்கும் உரையினின்று விடுதலை இல்லை. ஒவ்வொரு காணொளியுடனும் இடத்தின் பெயர், நாள், கண்ட பொருள்களின் உள்ளூர்ப் பெயர், அப்பெயரைச் சொன்னவர் எவ்வூரார் என்பது, அவரது இசைவு ஆகிய ஐந்தும் எழுத்தில் இணைக்கப்பெறுதல் வேண்டும். அவர் விரும்பாதவிடத்து அவர் முகமும் பெயரும் வெளிவராமை முறையாகும்.

இப்பணிக்குத் தமிழ்த்துறை மாணவர் பெரிதும் உரியர். கல்வராயன் மலையின் சிற்றோடைகளுக்கும் சரிவுகளுக்கும் பாறைகளுக்கும் அங்கு வாழ்வார் இட்ட பெயர்கள் உண்டு. முதியோர் நாவில் இருக்கும் அப்பெயர்கள், அருவியை மட்டும் காட்டும் ஆயிரம் காணொளிகளால் நிலைபெறா. மேகம் அருவிக்குச் செல்வார் ஒருவர், தாம் எடுத்த படத்தின் கீழ், வழிகாட்டிய மலைமகன் சொன்ன ஒரு மரத்தின் பெயரை நாளும் இடமும் குறித்து எழுதுவாராயின், அனிச்சத்துக்கு நேர்ந்தது அம்மரத்துக்கு நேராது.