எந்திரக் கோளாற்றின் காரணம் காணல்

விளைவைக் கண்டு காரணத்தை உய்த்துணர்தல் ஆராய்ச்சியின் முதற்படியாகும். மருத்துவர் நாடி பார்ப்பதும், பதிப்பாசிரியர் சுவடியில் பாடபேதம் தோன்றிய இடத்தைத் தேடுவதும் இந்நெறியைச் சார்ந்தனவே. வள்ளுவரும் மருந்து என்னும் அதிகாரத்தில், நோயை அறிந்த அளவில் நில்லாது அதன் மூலத்தையும் ஆராயச் சொல்கிறார். உலோகத்தால் ஆகிய எந்திரத்திற்கும் இந்நெறி பொருந்துமாற்றைப் பழைய விளையாட்டுக் கார் ஒன்றன்வழி விளக்குவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இங்கிலாந்தின் அபிங்டன் நகரில் 1962 முதல் 1980 வரை உருவாக்கப்பட்டது எம்.ஜி.பி. என்னும் கார். ஐந்து இலட்சத்திற்கும் மேற்பட்ட கார்கள் இவ்வகையில் வெளிவந்தன. ஆர்வலர் பலர் இன்றும் இதனைப் பேணி ஓட்டி வருகின்றனர். 1798 கன செ.மீ. கொள்ளளவும் நான்கு சிலிண்டர்களும் கொண்ட இதன் எந்திரத்திற்கு, அமெரிக்காவிற்கு அனுப்பப்பட்ட பிற்காலக் கார்கள் நீங்கலாக, எஸ்.யு. வகைக் கார்புரேட்டர்கள் இரண்டு எரிபொருளை ஊட்டுகின்றன.

இத்தகைய காரொன்று சீராக ஓடாமல் விட்டுவிட்டுத் துடிக்கிறது எனக் கொள்வோம். பணிமனைகளில் இதனை 'மிஸ்ஸிங்' என்பர். புகைக்குழாயில் பெட்ரோல் நெடி வீசுகிறது. ஸ்பார்க் பிளக்குகள் கறுத்துள்ளன. காண்போர், "பெட்ரோல் மிகுதியாகப் போகிறது, கார்புரேட்டரைத் திருகிக் குறைத்துவிடலாம்" என உடனே முடிவு செய்வர். இம்முடிவு சரியாகவும் இருக்கலாம். முற்றிலும் பிழையாகவும் இருக்கலாம்.

காரணமும் விளைவும்

பெட்ரோல் முழுமையாக எரிவதற்கு அதன் எடையைப்போல் 14.7 மடங்கு காற்று வேண்டும். பெட்ரோல் இவ்வளவின் மிகுமாயின் அது செறிந்த கலவை. குறையுமாயின் மெலிந்த கலவை. கலவை மிகவும் செறிந்தால், எரிவதற்குரிய உயிர்வளி போதாமல் கரி உண்டாகிறது. அக்கரி பிளக்கின் பீங்கான் முனையில் படிகிறது. கரி மின்சாரத்தைக் கடத்துமாதலின், பொறியாகப் பாயவேண்டிய மின்சாரம் அதன்வழியே ஒழுகிவிடுகிறது. எந்திரம் துடிக்கிறது.

இதன் மறுதலையும் உண்மையாகும். கலவை சரியாக இருந்தும் பொறி வலுவிழந்தால், பெட்ரோல் எரியாமலே வெளியேறும், நெடி வீசும், பிளக் நனைந்திருக்கும். ஆக, செறிவு துடிப்பை உண்டாக்குகிறது. துடிப்போ செறிவுபோலத் தோற்றமளிக்கிறது. இவ்விரண்டனுள் எது முந்தியது என அறிவதே இவ்வாராய்ச்சியின் உயிர்நாடி எனலாம்.

பிளக்குகள் கூறும் சான்று

காரைச் சிறிது தொலைவு ஓட்டி, உடனே நிறுத்தி, சூடு தணிந்தபின் நான்கு பிளக்குகளையும் கழற்றி வரிசை மாறாமல் வைத்தல் வேண்டும். இளம்பழுப்பு நிறம் நலத்தின் அறிகுறி. உலர்ந்த மென்கரி, செறிந்த கலவையைக் காட்டும். பெட்ரோலால் நனைந்திருப்பின் பொறியை ஐயுறலாம். எண்ணெய்ப் பிசுக்கோடு கறுத்திருப்பின், அது பிஸ்டன் வளையம் அல்லது வால்வுப் பகுதியின் தேய்மானமாகலாம்.

நிறத்தினும் வரிசை மிகுந்த செய்தி தரும். இவ்வெந்திரத்தில் முன் கார்புரேட்டர் பெரும்பாலும் 1, 2 ஆம் சிலிண்டர்களுக்கும், பின் கார்புரேட்டர் 3, 4 ஆம் சிலிண்டர்களுக்கும் கலவையை அனுப்புகிறது. எனவே 1, 2 மட்டும் கறுத்திருப்பின் முன் கார்புரேட்டரை ஆராயலாம். ஒரு பிளக் மட்டும் கறுத்திருப்பின், பழியைக் கார்புரேட்டர்மேல் போடுவது பொருந்தாது. அந்தப் பிளக், அதன் ஒயர், அந்தச் சிலிண்டரின் அழுத்தம் ஆகியவற்றையே நோக்கல் வேண்டும். நான்கும் கறுத்திருப்பின், நான்கிற்கும் பொதுவான காரணத்தைத் தேடுதல் முறை.

முதலில் பொறி, பின்னரே கலவை

பொறி சரியில்லாதபோது கலவையைத் திருத்துவது, சாய்ந்த தராசில் நிறுப்பதற்கு ஒப்பாகும். ஐயத்திற்குரிய பிளக்கை வேறொரு சிலிண்டருக்கு மாற்றிப் பார்க்கலாம். கோளாறு அதனுடன் இடம்பெயர்ந்தால் குற்றம் பிளக்கினது; பெயராவிடில் ஒயரையும், டிஸ்டிரிபியூட்டர் மூடியில் விரிசல் உண்டா என்பதையும் பார்த்தல் வேண்டும். பழைய வகை டிஸ்டிரிபியூட்டரில் காண்டாக்ட் பாயிண்டின் இடைவெளி ஏறத்தாழ 0.38 மி.மீ. இருத்தல் வேண்டும். பாயிண்டுகள் கருகிக் குழி விழுந்திருப்பின் கண்டென்சரையும் ஐயுறலாம்.

பொறி நன்றெனத் தெளிந்தபின் எரிபொருளின் வழிக்கு வரலாம். எஸ்.யு. கார்புரேட்டரில், கூம்பிய ஊசியொன்று ஜெட் என்னும் துளைக்குள் ஏறி இறங்கிப் பெட்ரோலை அளக்கிறது. சோக்கை இழுத்தால் ஜெட் கீழிறங்கி, இடைவெளி பெருகிக் கலவை செறிகிறது. சோக்கைத் தள்ளிய பின்னும் ஜெட் மேலேறாது சிக்கிக்கொண்டால், குளிர்ந்த நிலையில் நன்கு ஓடும் எந்திரம் சூடேறியபின் துடிக்கும். மிதவை அறையின் வால்வில் தூசு படிந்தாலோ மிதவையில் துளை விழுந்தாலோ பெட்ரோல் நிரம்பி வழியும். அடைபட்ட ஏர் ஃபில்டரும், தேய்ந்த ஊசியும் ஜெட்டும் ஆராயத்தக்கன.

இறுதிச் சோதனை எளியது. சூடேறிய எந்திரம் மெதுவாக ஓடுகையில், கார்புரேட்டரின் பிஸ்டனை ஏறத்தாழ 0.8 மி.மீ. உயர்த்துக. வேகம் கூடி அவ்வாறே நிலைத்தால் கலவை செறிந்தது. சற்றே கூடிப் பழைய நிலைக்கு மீண்டால் சரியானது. எந்திரம் அடங்கத் தொடங்கினால் மெலிந்தது. இரு கார்புரேட்டர்களையும் தனித்தனியே இவ்வாறு சோதித்தல் வேண்டும்.

புறக்கணிப்பின் கேடு

இதனை எரிபொருள் வீணாகும் சிறு குறையென்று எண்ணிவிடலாகாது. மிகுந்த பெட்ரோல் சிலிண்டர்ச் சுவரின் எண்ணெய்ப் படலத்தைக் கழுவிவிடுகிறது. கீழிறங்கி எந்திர எண்ணெயை நீர்க்கச் செய்து பேரிங்குகளைத் தேய்க்கிறது. இக்காரில் புகைபோக்கும் சூடான குழாய்கள் கார்புரேட்டர்களுக்கு அடியிலேயே அமைந்துள்ளமையால், வழியும் பெட்ரோல் தீ விபத்தையும் விளைவிக்கலாம். செறிந்த கலவையின் புகையில் கார்பன் மோனாக்சைடு மிகுதி. நிறமும் மணமும் அற்ற அந்நச்சு வாயு, மூடிய கொட்டகையில் உயிரையே பறிக்க வல்லது.

ஆய்வு செய்வோர் மறக்கலாகாத விதி ஒன்றுண்டு: ஒரு நேரத்தில் ஒன்றனை மட்டுமே மாற்றுக. பிளக்கையும் பாயிண்டையும் கார்புரேட்டரையும் ஒருங்கே மாற்றினால் கோளாறு நீங்கலாம். ஆயின் எதனால் நீங்கிற்று என்பது தெரியாது. நாளை அது மீண்டும் தோன்றுமாயின், முதலிலிருந்தே தொடங்க வேண்டியதுதான். கண்ணுக்குத் தெரிந்த கரியைத் துடைப்பது எளிது. அக்கரி எங்கிருந்து வந்தது எனப் பொறுமையோடு வினவுவோரே அதனை மீண்டும் படியாமல் தடுக்க வல்லார்.