காளானும் வைரஸ் நோய்களும்

மழை ஓய்ந்ததும் இராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் மலையடிவாரங்களில் காளான்கள் முளைக்கின்றன. வைரஸ் காய்ச்சலுக்கு அவை மருந்தாகுமா என மாணவர்கள் நம்மிடம் வினவுவதுண்டு.

1928ஆம் ஆண்டு அலெக்சாண்டர் ஃபிளெமிங் கண்டறிந்த பென்சிலின், காளானின் இனமாகிய பூஞ்சை தந்ததே. அது பாக்டீரியாவின் செல்சுவர் உருவாவதைத் தடுக்கிறது. மனித செல்லுக்கு அத்தகைய சுவர் இல்லாமையால் நமக்கு ஊறு குறைவு. வைரஸுக்கோ செல்லே இல்லை. அது நம் செல்லினுள் புகுந்து, அதன் கருவிகளைக் கொண்டே பெருகுகிறது. எனவே அதனைத் தாக்கும் பொருள் நம்மையும் தாக்கக்கூடும்.

பூச்சிகளின் மீது வளரும் கார்டிசெப்ஸ் பூஞ்சையிலிருந்து 1950இல் பிரித்தெடுக்கப்பட்ட கார்டிசெபின் இதற்குச் சான்றாகும். ஆர்.என்.ஏ. சங்கிலியின் கண்ணி ஒன்றை அது ஒத்திருக்கும். ஆனால் அடுத்த கண்ணியைப் பிணைக்கும் உறுப்பு அதனிடம் இல்லை. ஆகவே அது சேர்ந்த இடத்தில் சங்கிலி நின்றுவிடும். ஆய்வகத்தில் சில வைரஸ்களின் பெருக்கத்தை அது தடுத்துள்ளது. எனினும் நம் செல்களும் ஆர்.என்.ஏ. உண்டாக்குபவையே, இரத்தத்தில் அது விரைவில் சிதைந்தும் விடுகிறது. ஆகவே வைரஸ் நோய்க்கான மருந்தாக அது இன்னும் ஏற்கப்படவில்லை.

'கம்ஆ' எனும் நிலத்தடிக் காளானின் நீர் கண்ணுக்கு நிவாரணம் என்பது நபிமொழி. அந்நீரைத் தனியே இடுவதா, பிற மருந்துகளுடன் கலப்பதா என்பதில் அறிஞர்கள் கொண்ட கருத்துகளை இமாம் இப்னுல் கைய்யிம் (ரஹ்) எடுத்துரைத்துள்ளார். நம்பிக்கை கொண்ட முன்னோர் பயன்படுத்தும் முறையையும் ஆராய்ந்தனர். நாமும் அவ்வாறே ஆராய்தல் வேண்டும். காட்டுக் காளான்களில் நஞ்சுடையவையும் உள. காய்ச்சல் கண்டோர் அவற்றைத் தேடாது மருத்துவரை நாடுவதே முறை.